பிடி அவன் பக்கம்

சுந்தர்ராமனுக்கு நான் பதினோரு கத்தி காட்டினேன். பதினொன்றையும் வேண்டாம் என்றான். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள்கூட ஒன்பதாவது புடவையில் அலுத்துப்போய் ஏதோ ஒன்றை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இவன் அசையவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவனை நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது அந்தத் திட்டெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே திரும்பி வருகிறது.

என் கடை திருநெல்வேலி டவுனில், ரத வீதி முக்கில் இருக்கிறது. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி என்று வெட்டுவதும் அறுப்பதும் சீவுவதும் எல்லாம் கிடைக்கும். நாறும்பூநாதன் கடைச் சரக்கு கூர்மை, அவன் வாய் அதைவிடக் கூர்மை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. சுந்தர்ராமன் ஆறாம் வகுப்பிலிருந்து என்கூடப் படித்தவன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், வருகிற மே மாதம் ஓய்வு. வீட்டில் அக்ரகாரத்துப் பேச்சு பேசுவான், என் கடைப் படி ஏறினால் எங்கள் பேச்சு. அம்பத்தொன்பது வயதில் என்னை 'லே' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரம், குடையை வாசலில் உதறி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பொதிகை மலை உச்சிக்குப் போகப் போகிறானாம். நம் பக்கத்து வழியை அடைத்துப் பல வருஷம் ஆயிற்று. கேரளத்துப் பக்கமாகத் தை, மாசியில் ஆள் விடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க நடந்து காட்டுக்குள் முகாமில் தங்கி, மறுநாள் உச்சி ஏற வேண்டும். கடைசியில் வெறும் பாறை. மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிற கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். அவன் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஜெபசீலன் ஒரு குழு சேர்த்துக்கொண்டிருந்தான்.

"அம்பத்தொம்பது வருசமா இந்த ஆத்துத் தண்ணியக் குடிக்கேன். அது எங்கன பொறக்குதுன்னு ஒரு தடவ பாத்துரணும்லே" என்றான். "நீயும் வா."

தேரோட்டத்துக்கு நாலு ரத வீதியும் சுற்றினாலே மூச்சு வாங்குகிற ஆள் நான். ஆனாலும் அவன் கேட்ட விதத்தில் மறுக்கத் தோன்றவில்லை. மறுநாளே போய் மலையேறுகிற ஷூ வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறி இறங்கியதைப் பார்த்து என் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கால் கட்டைவிரலும் கொப்புளித்துவிட்டது. ஷூ இன்னும் பெட்டியில் இருக்கிறது.

அவன் ஒரு நிபந்தனை வைத்தான். முதலில் நல்ல கத்தி ஒன்று அமைய வேண்டும். அமைந்தால்தான் பேர் கொடுப்பான், இல்லாவிட்டால் மலை கிடையாது. இது என்ன கூத்து, கத்திக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதெல்லாம் இருக்கு என்றான். மேசையைத் துடைக்காமல் சோதனை ஆரம்பிக்க விடாத வாத்தியார் புத்தி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காட்டுக்குக் கொண்டுபோகிற கத்தி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கயிறு அறுக்கணும், பழம் நறுக்கணும், ஒரு குச்சி சீவணும். நாலு விரல் நீள அலகு போதும். பெரிசாகக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் ஆயிரம் கேள்வி கேட்பான். அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும், பாதியில் நின்றால் அவசரத்துக்குக் கழன்றுவிடும். அட்டை கடிக்கிற ஈரக்காட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. நனைந்த கையிலும் வழுக்காத பிடி வேண்டும், குத்தாத உறை வேண்டும். இவ்வளவுதான். சுந்தர்ராமன் ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். அதில் தாடி வைத்தவன் எல்லாம் கத்தியை வைத்து மரக்கட்டையைப் பிளக்கிறான். கோடாலி என்று ஒன்று இருப்பதை அந்தப் பாவிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பார்க்கிறதை எல்லாம் பார், கடைசியில் கை சொல்லுவதைக் கேள் என்று அவனுக்குச் சொன்னேன். அதைச் சொன்னவனும் நான்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, பிடியை வாங்குகிறவர் பக்கம் திருப்பி விடுவோம். அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பையும் கத்தியையும் கையில் கொடுத்தால் உறவு அறும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான், ஆனால் கத்தியை வைத்தே பிழைக்கிற எங்களுக்கு அது கல்லில் எழுதினது. ஒரே ஒரு தடவை தவறினேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால், கடையில் கூட்டம் நெரித்த நேரத்தில், என் தம்பி பூதத்தான் கைக்கு நேராக ஒரு வெட்டுக்கத்தியை நீட்டிவிட்டேன். அந்த ஆடிக்குள் கடை இரண்டாயிற்று. அவன் கடை எதிர்வரிசையில்தான் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன், பேச்சு கிடையாது. பாகம் பிரிய நூறு காரணம் இருந்தது, கத்தி என்ன செய்யும் என்று சுந்தர்ராமன் கேலி செய்வான். எனக்கு ஒரே காரணம்தான்.

அந்த ஐப்பசியிலேயே சுந்தர்ராமனுடைய வலது கை செத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோதான இடத்தில்தான் நின்றேன், அவனுக்கு இரண்டடி எதிரில். டீயை இடது கையால் குடித்தான். கேட்டதற்கு, கழுத்தெலும்பு தேய்ந்து போச்சாம், வலது கை கொஞ்சம் மரத்துப்போகுதாம் என்றான். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதின கை மரத்துத்தான் போகும் என்று நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன்.

முதலில் மடக்குக் கத்தி காட்டினேன். பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது, கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். கண்ணாடிமேல் வைத்தேன். ஆள்காட்டி விரலால் அதை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு மடக்கு வேண்டாம் என்றான். சரி, மடக்காதது. கறுப்பு ரப்பர்ப் பிடி போட்ட நல்ல சாமான் ஒன்றை வைத்தேன். எடுக்கப் போனான். விரல்கள் பிடிமேல் ஊர்ந்தன, கத்தி கண்ணாடியில் அரைவட்டம் சுற்றி நின்றது. பிடி சப்பையாக இருக்கிறது என்றான். அடுத்த வாரம் மரப்பிடி போட்டது. அது கனமாம். ஆரஞ்சு நிறப் பிடி போட்டது ஒன்று வந்தது, காட்டில் கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கலர் நன்றாக இல்லையாம். கலர்! கல்யாணத்தன்றைக்கும் சாம்பல் நிறத்தில் பேண்ட் போட்டு நின்றவன் என் கடையில் வந்து கலர் பார்க்கிறான்.

கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் ஃபோன் போட்டு வரவழைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். ஒவ்வொன்றையும் வைத்தேன். ஒன்றைக்கூட அவன் கையில் ஏந்திப் பார்க்கவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. கத்தி வாங்குகிறவன் முதலில் எடுத்துக் கனம் பார்ப்பான், நகத்தில் வைத்துக் கூர் பார்ப்பான், அதற்கப்புறம்தான் பேசுவான். இத்தனை வருஷம் கத்தி விற்ற எனக்கு ஏதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இவனுக்கு மலை ஏறப் பயம், அந்தப் பழியைக் கத்திமேல் போடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மார்கழி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பதிவு. திறந்த கொஞ்ச நேரத்தில் இடமெல்லாம் தீர்ந்துவிடும், பத்தே முக்காலுக்குள் உண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள் சார் என்று ஜெபசீலன் சொல்லியிருந்தான். சுந்தர்ராமன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பத்து மணிக்கே வந்தான். பதினோராவது கத்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. உள்ளங்கைக்கு அடங்குகிற பருமனில் பிடி, விரல் உட்காரக் குழிவு, கையில் மாட்டிக்கொள்ளக் கயிற்றுத் துளை. ராத்திரி நானே அதைத் தீட்டி வைத்திருந்தேன். இதையும் வேண்டாம் என்றால் இவன் மனுஷனே இல்லை என்று நினைத்துக்கொண்டு, பிடியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு துண்டுக் கயிறு கேட்டான். இதுவரை கேட்காததைக் கேட்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். ஒரு முழம் நைலான் கயிறு வெட்டிப் போட்டேன். அவன் வலது கையைப் பேண்ட் பையிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, கத்தியை எடுக்கப் போனான். கட்டைவிரல் அலகுப் பக்கமும் மற்ற விரல்கள் பிடிப் பக்கமுமாகப் போயின. கத்தி சுற்றியது. இன்னொரு தடவை. கண்ணாடியில் சரசரவென்று சறுக்கி, விளிம்பு தாண்டி அவன் காலடியில் விழுந்தது. அவன் குனியவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு வந்து எடுத்து, மறுபடியும் கண்ணாடிமேலேயே வைத்தேன். கையில் எடுத்தது எடுத்தேன், அவன் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணாடிமேல் வைத்தேன்.

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கத்தி சரியில்லை, வேண்டாம் என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. மூன்று மாதத்து எரிச்சல், வாங்கின ஷூ, எல்லாம் சேர்ந்துகொண்டது. "ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம். பதினோரு கத்தியும் கோணலாலே? பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆமாலே. பயமா இருக்கு" என்றான்.

இடது கையால் ஃபோனை எடுத்து, நாங்கள் இரண்டு பேரும் வரவில்லை என்று ஜெபசீலனிடம் சொன்னான். சரியாகப் பத்தே முக்கால். பிறகு படி இறங்கிப் போனான். நான் கூப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. வரட்டும் என்று நானும் ஃபோன் செய்யவில்லை. தை முடிகிற சமயம் ஒரு படம் அனுப்பினான். ஜெபசீலனும் நாலு பேரும் மலை உச்சியில், பின்னால் ஒரே பஞ்சு மேகம். படத்துக்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை. கொழுப்பைப் பார், ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா என்று நினைத்தேன். என் வாயில் எதைப் போட்டுக் கழுவினால் போகும்.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் அவன் மனைவி பாகீரதி கடைக்கு வந்தாள். பிடி தடிமனாக இருக்கிற ஸ்பூன் வேண்டும் என்றாள். எத்தனை தடிமன், சாம்பார்க் கரண்டி மாதிரியா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சாப்பிடறதுக்கு அண்ணா என்றாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

புரட்டாசியிலேயே திருவனந்தபுரத்தில் காட்டித் தெரிந்துகொண்டார்களாம். தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகிற நோய். மருந்து கிடையாது. முதலில் கை, பிறகு கால், அதற்கப்புறம் விழுங்குவது, பேசுவது, கடைசியில் மூச்சு. அவன் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுவிட்டான். இந்த வருஷம் கால் நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷம் இருக்காது, அதனால் போனால் இந்தத் தையில்தான் மலை. ஆனால் பாறையில் கயிற்றைப் பிடிக்கக் கை வேண்டும், நடுவில் விட்டுவிட்டால் கூட வருகிறவன் உயிருக்கும் ஆபத்து. அதனால் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டானாம். ஒரு கத்தியைப் பிடித்து ஒரு கயிற்றை அறுத்துவிட்டால் போகலாம். முடியாவிட்டால் போகக் கூடாது.

நான் ஸ்பூன்களைக் கண்ணாடிமேல் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் அதைப் பார்க்காமல் அவள்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கீழ கிடக்கறதைத்தான் அண்ணா அவரால எடுக்க முடியலை. எடுத்துக் கையில வெச்சுட்டா கெட்டியாப் பிடிச்சுப்பார். தை வரைக்கும் ஆத்துல ஸ்வாமிக்குத் தேங்கா உடைச்சது அவர்தான். அரிவாளை நான் கையில குடுப்பேன், ஒரே போடு."

கையிலா கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஆமாம், எங்களுக்குள்ள இனிமே என்ன சண்டை வரப்போறது என்றாள்.

ஸ்பூனுக்கு அவள் விலை கேட்டதும் நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இல்லை. அவள் போன பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் கயிறு கண்ணாடிமேல் சப்பையாகவா படுத்துக் கிடக்கும்? தொங்கும். தொங்குகிற கயிற்றை அவன் கை பிடித்திருக்கும். எட்டிப் பிடித்து ஏறியிருப்பான், தண்ணி பிறக்கிற இடத்தைப் பார்த்திருப்பான். நான் வைத்த பரீட்சையில்தான் அவன் தோற்றான், அதுவும் பதினோரு தடவை. ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடை நடுவில் நின்று அடித்துக்கொண்டேன்.

பதினோராவது கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஒரு முழக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பெருமாள்புரத்தில் மாடி வீடு. ஜன்னல் மேற்கே பார்த்ததுதான், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மலையை மறைக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒன்றரை மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், பாகீரதி சொல்லிட்டாளா என்றான். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் அடியில் இருக்கிற சதை வற்றிப்போய்ப் பள்ளம் விழுந்திருந்தது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குக் கையில் கொடுத்திருந்தால் பிடித்திருப்பாயா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம்.

"பிடிச்சிருப்பேன்" என்றான்.

"கையில குடுலேன்னு ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான? உனக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதே."

"உனக்கு இருக்குல்லா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கேட்டா நீ குடுத்திருப்பே. குடுத்துட்டு, எப்ப சண்டை வரும் எப்ப சண்டை வரும்னு கிடந்து தவிப்பே. பூதத்தான்கிட்டப் பேசிப் பதினாறு வருசமாச்சு. எனக்கு மிச்சமிருக்கது கொஞ்ச நாளு. அதுல உங்கிட்டப் பேசாம இருக்க முடியாதுலே."

நாற்பத்தைந்து நாள் பேசாமல்தான் இருந்தோம். கத்தியைக் கண்ணாடிமேல் வைத்துக் கொடுத்தும் அப்படி ஆயிற்று. அதை அவனும் நினைத்திருப்பான், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கத்தியை உறையிலிருந்து உருவினேன். அவன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையில் பிடியை வைத்தேன், கைக்குக் கை. விரல்கள் மடங்கவில்லை. நானே ஒவ்வொன்றாக மடக்கினேன். சுண்டுவிரலை மடக்கினால் ஆள்காட்டி விரல் விரிந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். கயிற்றைப் பையிலிருந்து எடுக்க ஒரு கையை விட்டேன், கத்தி சரிந்து அவன் மடியில் விழுந்தது.

அவன் அதைப் பார்த்தான். அலகை, பிடியை, குழிவுகளை, நன்றாக நிதானமாகப் பார்த்தான், முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி.

"நல்ல கத்திலே" என்றான். "மேசையில வையி. நான் பையப் பைய எடுத்துக்கிடுதேன்."

வைத்தேன். பிடியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.